பறவைக் கூட்டிற்குக் காவல்



வீடு என்பது மனிதனுக்கு மட்டும் உரியதன்று. எறும்புக்குப் புற்று உண்டு. எலிக்கு வளை உண்டு. பறவைக்குக் கூடு உண்டு. ஆயினும் எல்லாப் பறவைகளும் தம் கூட்டைத் தாமே பின்னிக்கொள்வதில்லை. சில பறவைகள் முதிர்ந்த மரங்களின் பொந்துகளையே வீடாகக் கொள்கின்றன. அப்பொந்துகள் அருகிவிட்ட இக்காலத்தில் நாம் பலகையால் பெட்டி செய்து வைத்தால் அவை மகிழ்ந்து குடிவருகின்றன. ஆனால் பெட்டியைத் தொங்கவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. காவல் இல்லாத பறவை வீடு பாம்புக்கும் பூனைக்கும் நாமே எடுத்து வைக்கும் உணவுத்தட்டு ஆகிவிடும். ஆதலின் கூட்டைக் காக்கும் வழிகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பொந்து ஏன் இல்லாமற் போயிற்று?

நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் இந்நாட்டின் ரப்பர்த் தொழில் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவை. பின்னர்க் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டிய கதையை நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். காலம் மாறியது. 1960கள் தொடங்கிப் பல தோட்டங்களில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற ஊர்களைச் சுற்றிலும் இன்று கண்ணுக்கெட்டிய தொலைவு செம்பனையே காட்சி தருகிறது.

காட்டு மரம் முதிர்ந்தால் கிளை ஒடிந்த இடம் உளுத்துப் பொந்தாகும். செம்பனைக்குக் கிளை இல்லை. ஆதலின் அத்தகைய பொந்தும் இல்லை. உணவு மிகுதியாக இருந்தும் குடியிருக்க இடமின்றிப் பறவைகள் தவிக்கும் நிலை இவ்வாறுதான் ஏற்பட்டது. பறவைப் பெட்டி அக்குறையை நிறைவு செய்கிறது.

2. தோட்டத்தின் இராக்காவலன்

தோட்டத்துப் பெட்டிகளில் குடியிருக்கும் பறவைகளுள் தலையாயது கூகை. ஆந்தை இனத்தைச் சேர்ந்த இப்பறவைக்கு இதய வடிவில் அமைந்த வெண்முகம் உண்டு. மலாய் மொழியில் இதனைப் 'புங்குக் ஜெலாப்பாங்' என்பர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். ஈப்போவை அடுத்துள்ள ஜெலாப்பாங்கின் பெயரும் இச்சொல்லே என்பதை நினைவில் கொள்க. களஞ்சியத்தில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்தில் கூகை இருக்கும். பெயரே அதன் தொழிலைச் சொல்கிறது.

செம்பனைப் பழத்தை எலிகள் கொறித்துத் தின்கின்றன. எலி பெருகிய தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் எண்ணெய் இழப்பு ஏற்படலாம் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். தீங்கு அவ்வளவோடு நிற்பதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோயின் கிருமி உயிர்வாழும். காலில் சிறு காயத்தோடு அந்த நீரில் நிற்பவரை அது பற்றிக்கொள்ளும். ஆகவே எலியைக் குறைப்பது முதலாளியின் வருவாய்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. லயத்தில் வாழ்வோர் உடல் நலத்திற்கும் உரிய செய்தி.

நம் தீபகற்பத்தில் கூகை ஒரு காலத்தில் அரிதாகவே காணப்பட்டது. 1960களின் இறுதியில் ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது பதிவு செய்யப்பட்டது. அதன் பின்னர்ச் செம்பனை பரவப் பரவக் கூகையும் பரவிற்று. 1980களில் ஆய்வாளர்களும் தோட்ட நிர்வாகங்களும் கூகைப் பெட்டிகளை முறைப்படி நிறுத்தத் தொடங்கினர். ஏறத்தாழ 10 எக்டர் நிலத்திற்கு ஒரு பெட்டி என்னும் கணக்கு வழக்கத்திற்கு வந்தது. எலி மிகுந்த இடங்களில் 5 எக்டருக்கு ஒன்று வைப்பதும் உண்டு.

மாணவர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த கூகை ஒன்று இரவுக்கு ஓர் எலி உண்கிறது என்று குறைவாகவே கொள்வோம். ஒரு சோடி ஓராண்டில் உண்பவை 730 எலிகள். குஞ்சுகளின் பங்கையும் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும். சம்பளம் கேட்காமல் இரவெல்லாம் உழைக்கும் இத்தகைய காவலனை வேறு எங்கே தேடுவது?

கூகை பொதுவாக நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இடும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆதலின் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்தது பெரிதாகவும் கடைக்குட்டி சிறிதாகவும் இருக்கும். முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதமும் ஆகும். மொத்தம் மூன்று மாதங்கள் அப்பெட்டி பகைவர் கையில் சிக்காமல் இருத்தல் வேண்டும். ஓர் இரவு காவல் தவறினாலும் மூன்று மாத உழைப்பு வீணாகும்.

3. வீட்டுப் பின்புறத்து விருந்தினர்

கூகை தோட்டத்திற்கு உரியது. நம் வீட்டுப் பின்புறத்திற்கு வரும் விருந்தினர் வேறு. கருப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் இனிமையாகப் பாடும் குண்டுக்கரிச்சானை மலாய்க்காரர் 'மூராய் கம்போங்' என்பர். வங்காளதேசத்தின் தேசியப் பறவையும் இதுவே. பொந்திலும் ஓட்டின் இடுக்கிலும் பெட்டியிலும் இது கூடு கட்டும். அடைகாத்தல் முதல் குஞ்சு பறத்தல் வரை இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். கன்னத்தில் கரும்புள்ளி கொண்ட சிட்டுக்குருவியும், மைனாவும் இவ்வாறே பெட்டியை நாடிவரும்.

4. கூட்டின் பகைவர் யாவர்?

பகைவனை அறியாமல் கோட்டை கட்டலாகாது. எனவே ஒவ்வொருவரும் எவ்வழியில் வருகின்றனர் என்பதை முதலில் அறிவோம்.

பாம்பு: மலைப்பாம்பு, சாரை, மரப்பாம்பு ஆகியவை மரத்திலும் கம்பத்திலும் ஏறவல்லவை. சிறு துளையிலும் தலையை நுழைக்கும். பெரும்பாலும் முட்டையும் குஞ்சும் சுவடின்றி மறைந்துபோகும். பெட்டி கலையாமல் அப்படியே இருக்கும்.

மரநாய்: மூசாங் என்று நாம் அழைக்கும் இது இரவில் கூரைமேல் நடக்கும். பழம் தின்னும், குஞ்சு கிடைத்தால் அதனையும் விடாது.

பூனை: துளையில் முன்னங்காலை விட்டுத் துழாவும். பெட்டியின் வாயிலில் நகக்கீறலும் இறகும் கிடந்தால் பூனையையே ஐயுற வேண்டும்.

உடும்பு, குரங்கு, அணில், எலி: உடும்பு கூரிய நகத்தால் பற்றி ஏறும். குரங்கு கையால் மூடியைத் திறக்கும். அணிலும் எலியும் கிளையிலிருந்து தாவி வரும். எலியைத் தின்னும் கூகையின் முட்டையும் காவல் இல்லாதபோது எலிக்கு இரையாகலாம் என்பது வியப்பன்றோ!

காக்கை: 1890களில் காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்னும் என்று எண்ணி இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட பறவை இது. காப்பி போயிற்று; காக்கை நிலைத்துவிட்டது. பகலில் கூகையைக் கண்டால் கூட்டமாகத் துரத்தும். பகற்பொழுதில் கூகை காக்கையிடம் தோற்கும் என்பதை வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டியுள்ளார்.

எறும்பும் குளவியும்: உருவத்தில் சிறியவை, தீமையில் பெரியவை. 'கெரெங்கா' என்னும் சிவந்த முசுறு எறும்புகள் கண் திறவாத குஞ்சுகளை மொய்த்துக் கொன்றுவிடும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை வலியுறுத்த விரும்புகிறோம். மேலே சொன்ன விலங்குகளைத் தீயவை என்று வெறுத்தல் கூடாது. பாம்பும் எலியைத் தின்று நமக்கு உதவுகிறது. அவை பசிக்கு வேட்டையாடுகின்றன, பகைமையால் அன்று. பகைவர் என்று நாம் கூறியது கூட்டின் நிலையிலிருந்து நோக்கியே. ஆகவே நாம் செய்ய வேண்டுவது அவற்றைக் கொல்வதன்று. அவை கூட்டை அடையும் வழியை அடைப்பதேயாம்.

5. காவல் முறைகள்

(அ) மரத்தில் மாட்டாதீர், கம்பத்தில் நிறுத்துவீர்.

நம் லயங்களில் கொய்யா மரத்திலும் மாமரத்திலும் பிள்ளைகள் பெட்டி மாட்டுவதைக் காண்கிறோம். ஆர்வம் பாராட்டுக்குரியது, இடம் பொருத்தமன்று. மரம் ஏறும் விலங்கு அனைத்திற்கும் அது திறந்த படிக்கட்டு. வழவழப்பான இரும்புக் குழாயை நட்டு அதன் உச்சியில் பெட்டியைப் பொருத்துவதே சிறந்தது. சிறு பறவைக்குக் கம்பம் 6 முதல் 8 அடி உயரம் இருக்கலாம். கூகைப் பெட்டிக்கு 12 முதல் 15 அடி வேண்டும். கம்பத்தைச் சுற்றி 10 அடி தொலைவிற்குள் கிளையோ, கூரையோ, வேலியோ, துணி காயப்போடும் கம்பியோ இருத்தல் கூடாது. தாவி வரும் அணிலுக்கு இத்தொலைவே அகழி. மின்கம்பியின் அருகில் கம்பம் நடுதல் உயிருக்கே ஆபத்து. கம்பம் நடுவதும் ஏணியில் ஏறுவதும் பெரியவர்கள் வேலை; மாணவர்கள் அருகிலிருந்து உதவுக.

(ஆ) தகரக் காப்பு கட்டுவீர்.

காவல் முறைகளுள் இதுவே தலைசிறந்தது. 8 அங்குல விட்டமும் 2 முதல் 2½ அடி நீளமும் உள்ள தகரக் குழல் ஒன்றைச் செய்க. பெரிய பிஸ்கட் தகரங்களை இணைத்தும் இதனைச் செய்யலாம். குழலின் மேல்வாயைக் கம்பி வலையால் மூடுக. கம்பம் நுழைய மட்டும் நடுவில் துளை விடுக. கீழ்வாய் திறந்தே இருக்கட்டும். பெட்டிக்குக் கீழே, தரையிலிருந்து குறைந்தது 4 அடி உயரத்தில், குழலைக் கம்பத்தில் சற்று ஆடும்படி தொங்கவிடுக.

இது எவ்வாறு பயன்படுகிறது? கம்பத்தைச் சுற்றி ஏறிவரும் பாம்பு குழலுக்குள் நுழையும். மேலே வலை தடுக்கும். வழி இன்றித் திரும்பும். வெளிப்புறமாக ஏற முயலும் மரநாய்க்கோ குழல் வழுக்கும், கட்டிப்பிடிக்க இயலாதபடி பருத்தும் இருக்கும், அசையவும் செய்யும். கம்பத்தோடு ஒட்டித் தகரத்தைச் சுற்றினால் எலியும் அணிலும் நிற்கும். ஆனால் பாம்பு மெல்லிய கம்பத்தைப் பின்னிப்பிணைந்து ஏறிவிடும். ஆகவே இடைவெளியுள்ள குழலே மேல். மிகப் பெரிய மலைப்பாம்பை எக்காப்பும் முழுமையாகத் தடுக்கும் என்று உறுதி கூற இயலாது. எனினும் பெரும்பாலான இடர்களை இது நீக்கும்.

சிலர் கம்பம் முழுவதும் கிரீஸ் பூசுவர். அது வெயிலில் உலரும், மழையில் கரையும், பறவையின் இறகில் பட்டால் அது பறக்க இயலாமல் மடியும். ஆகவே கூடாது.

(இ) வாயிலை அளந்து வெட்டுவீர்.

விருந்தினர் நுழையலாம், திருடன் நுழையலாகாது. இதுவே வாயிலின் இலக்கணம். நம் நாட்டுச் சிட்டுக்குருவிக்கு 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போதும். அதில் மைனாவும் நுழையாது, காக்கையும் நுழையாது. குண்டுக்கரிச்சானுக்கு ஏறத்தாழ 2 அங்குலம் வேண்டும். கூகைக்கு 6 அங்குலம். வாயிலிலிருந்து பெட்டியின் அடித்தளம் சிறு பறவைக்குக் குறைந்தது 6 அங்குல ஆழத்தில் இருக்கட்டும். வாயிலைச் சுற்றி ஓர் அங்குலக் கனமுள்ள மரத்துண்டை வெளிப்புறத்தில் பொருத்தி, அதிலும் அதே அளவில் துளையிடுக. வாயில் இவ்வாறு தடித்துவிட்டால் பூனையின் கால் உள்ளே வளைந்து குஞ்சை எட்டாது.

வாயிலின் கீழே பறவை அமர்வதற்கென்று குச்சி பொருத்துவோர் உளர். பார்வைக்கு அது அழகே. ஆனால் பொந்துப் பறவைக்கு அக்குச்சி தேவையில்லை. காக்கைக்குத்தான் அது நாற்காலி. ஆதலின் குச்சி வேண்டா.

(ஈ) கூரையும் கதவும்.

கூரை வாயிலுக்கு முன்னால் 4 அங்குலமேனும் நீண்டிருந்தால் மழைச்சாரலும் தடுக்கப்படும்; மேலிருந்து கைவிடும் குரங்கும் பூனையும் திகைக்கும். தகரக் கூரை மட்டும் போட்டால் நண்பகல் வெயிலில் குஞ்சுகள் வெந்துபோகும். பலகையின்மேல் தகரம் அடிப்பது நன்று. பக்கங்களில் காற்றுத்துளைகளும் அடியில் நீர் வடியும் துளைகளும் இடுக. துப்புரவு செய்வதற்கான கதவுக்குத் திருகாணி போட்டு முடுக்கிவிடுக. வெறும் கொக்கியைக் குரங்கு எளிதில் திறந்துவிடும். கூகைப் பெட்டி ஏறத்தாழ 3 அடி நீளமும், ஒன்றரை முதல் இரண்டு அடி அகலமும் உயரமும் கொண்டிருக்கட்டும். உள்ளே வாயிலுக்கும் குஞ்சறைக்கும் இடையில் பாதித் தடுப்புப் பலகை வைத்தால் குஞ்சுகள் இருளில் மறைந்து பாதுகாப்பாக இருக்கும்.

(உ) எறும்புக்கு அணை.

நம் வீட்டு அடுப்பங்கரையில் மேசைக் கால்களின் கீழ்த் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதை அறிவீர்கள். ஆனால் வெளியில் தேங்கும் நீர் டிங்கிக் கொசுவை வளர்க்கும். ஆகவே அம்முறை இங்கே ஆகாது. தகரக் குழலின் உட்புறம், பறவையின் இறகு படாத இடத்தில், கம்பத்தைச் சுற்றி விரலளவு கிரீஸ் பட்டை இடலாம். கம்பத்தின்மேல் படரும் கொடியையும் உயர்ந்த புல்லையும் வெட்டிவிடுக. குடிவராத பெட்டியில் குளவி கூடு வைத்திருக்கிறதா என்று பெரியவர்கள் அவ்வப்போது நோக்குக.

6. நஞ்சு என்னும் மறைமுகப் பகை

தகரக் குழலால் தடுக்க முடியாத பகை ஒன்று உண்டு. அது எலி நஞ்சு. முன்னாளில் தோட்டங்களில் வார்ஃபரின் என்னும் மருந்து பெரிதும் பயன்பட்டது. பின்னர் அதனினும் கடுமையான புரோடிஃபாக்கம் போன்றவை வந்தன. இவை இரத்தம் உறையாமல் தடுத்து எலியைக் கொல்கின்றன. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலியே கூகைக்கு எளிய இரை. எலியின் உடலில் தங்கிய நஞ்சு கூகையின் உடலில் சேர்கிறது. பல எலிகளை உண்டபின் கூகையும் உள்ளே இரத்தம் கசிந்து மடிகிறது. 1980களிலேயே ஆய்வாளர் இதனைக் குறித்து எச்சரித்தனர்.

எண்ணிப் பாருங்கள். காவலன் மடிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் மேலும் நஞ்சு வேண்டும். இது முடிவில்லாத வட்டம். ஆதலின் லயத்து வீடுகளில் எலிக்கூண்டே வைப்பீர். ஒட்டுப்பலகையைத் திறந்தவெளியில் வைத்தால் கரிச்சானும் ஒட்டிக்கொண்டு துடிக்கும், அதனைத் தவிர்ப்பீர். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைப்பீர். குப்பையை மூடி வைப்பதும் ஒரு பறவைக் காவலே. ஏனெனில் குப்பை குறைந்தால் எலியும் காக்கையும் குறையும்.

7. அச்சமும் கல்லும்

இறுதியாக ஒரு பகைவனைக் கூறவேண்டியுள்ளது. அவன் மனிதன்.

கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்னும் அச்சம் நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. மலாய்க்காரரும் ஆந்தையைப் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை என்றே அழைக்கின்றனர். இவ்வச்சத்தால் கூட்டைக் கலைப்போரும் குஞ்சைக் கொல்வோரும் உளர். உண்மை யாதெனில், குஞ்சு பசியால் சீறுகிறது. தாய் தன் துணையை அழைக்கிறது. அது இரவில் பேசும் பறவை, அவ்வளவே. நோயாளி உள்ள வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். விழித்திருப்போர் கூகையின் குரலைக் கேட்பர். மறுநாள் துன்பம் நேர்ந்தால் பழியைப் பறவையின்மேல் போடுவர். சாவைக் கொண்டுவருவது கூகை அன்று. அது பிடிக்கும் எலியே நோயைக் கொண்டுவருவது.

இன்னொரு பேராசை, பாடும் பறவையைக் கூண்டில் அடைப்பது. சிங்கப்பூரில் குண்டுக்கரிச்சான் 1970களில் வெகுவாக அருகிப்போய், பின்னர் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது. அந்நிலை நம் ஊருக்கு வரலாகாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் குற்றமாக்கியுள்ளது. குஞ்சு தரையில் விழுந்திருந்தால் பெரியவர் துணையோடு அதனைக் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு இருக்கும் பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்தலும், கைப்பேசியால் ஒளிபாய்ச்சிப் படம் எடுத்தலும் தாயை விரட்டிவிடும். பாம்பைக் கண்டால் கல்லெறியாமலும் பாராங்கு எடுக்காமலும் விலகி நின்று பெரியவரை அழையுங்கள். 999 எண்ணில் அழைத்தால் உரிய படையினரின் உதவி கிடைக்கும்.

நம் மூதாதையர் மண்ணாகிய தமிழ்நாட்டில், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள சிற்றூர் மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதே மாவட்டத்தில் பொத்தகுடி என்னும் ஊரில் 2020ஆம் ஆண்டு தெருவிளக்குகளின் மின்விசைப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும் வரை ஒரு மாதத்திற்கும் மேலாக அவ்வூர் மக்கள் தெருவிளக்கே இன்றி இருளில் நடந்தனர். அவர்கள் செல்வர் அல்லர். நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. ஒரு பறவைக்காக ஊரே இருளைத் தாங்கியது என்றால், ஒரு தகரக் குழல் செய்ய நமக்கு நேரமில்லை என்று சொல்லலாமா?

8. முடிவுரை

பெற்றோர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு பெட்டி செய்யுங்கள். அளவெடுத்தல் கணிதம், பலகை அறுத்தல் கைவினை, காத்திருத்தல் பொறுமை, குஞ்சு பறப்பதைக் காணல் அறிவியல். ஒரே பெட்டியில் நான்கு பாடங்கள் உள்ளன. தோட்டத்தில் பணிபுரிவோர் கூகைப் பெட்டியின் கம்பம் சாய்ந்திருந்தாலோ, மடிந்த கூகையைக் கண்டாலோ நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். மாணவர்களே, கவண்கல்லைக் கீழே போட்டுவிட்டுக் குறிப்பேட்டைக் கையில் எடுங்கள்.

தன்னைக் காக்க இயலாத உயிருக்குக் காவல் நிற்பதே கல்வியின் பயன். அக்காவல் நம் வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கட்டும்.

பயிற்சி

1. செம்பனைத் தோட்டத்தில் பொந்துகள் இல்லாமைக்குக் காரணம் யாது?
2. தகரக் குழலின் மேல்வாயை மூடிக் கீழ்வாயைத் திறந்து வைப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக.
3. 500 எக்டர் பரப்புள்ள தோட்டத்தில் 10 எக்டருக்கு ஒன்று வீதம் எத்தனை கூகைப் பெட்டிகள் வேண்டும்?
4. எலி நஞ்சு கூகையைக் கொல்வது எவ்வாறு?
5. உம் வீட்டைச் சுற்றிக் காணும் பறவைகள் ஐந்தின் பெயரை எழுதுக. அவற்றுள் பொந்தில் கூடு கட்டுபவை எவை என்று பெற்றோரிடம் கேட்டு அறிந்து வருக.